கடலுக்குப் போன கால்நடை

சென்னை நகரத்துப் பேச்சுவழக்கில் 'உயிர் காலேஜ்', 'செத்த காலேஜ்' என்று இரண்டு பெயர்கள் நெடுங்காலம் வழங்கிவந்தன. முன்னது விலங்குக் காட்சிச்சாலை. பின்னது எழும்பூர் அரசினர் பொருட்காட்சிச்சாலை. எழுத்தறியாத எளிய மக்கள் இட்ட பெயர்கள் என்று இவற்றைக் கேட்டு நகைப்பவர் உண்டு. எனக்கோ இவற்றினும் பொருத்தமான பெயர்கள் தோன்றியதில்லை. இறந்த உடல்கள் பாடம் சொல்லித் தரும் கல்லூரி என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரால் சொல்ல இயலும்? அக்கல்லூரியின் ஆசிரியர்களுள் உடலால் மிகப் பெரியவர் ஒருவரைப் பற்றியும், அவர் குலத்தைப் பற்றி நம் நாட்டார் அறிந்துகொண்ட வரலாற்றைப் பற்றியும் இன்று பேச எண்ணுகிறேன்.

1874-ஆம் ஆண்டு மங்களூர்க் கடற்கரையில் ஒரு திமிங்கிலம் ஒதுங்கிற்று. மங்களூர் அந்நாளில் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்தது. ஆகவே ஏறத்தாழ 60 அடி நீளமுள்ள அதன் எலும்புக்கூடு மாகாணத் தலைநகருக்கு வந்து சேர்ந்தது. 1851-இல் நுங்கம்பாக்கத்தில் தோன்றி, 1854-இல் எழும்பூருக்குக் குடிபெயர்ந்த பொருட்காட்சிச்சாலைக்கு அப்போது கண்காணிப்பாளராக இருந்தவர் ஜார்ஜ் பிடி என்னும் மருத்துவர். அன்றுமுதல் எத்தனையோ தலைமுறைச் சிறுவர்கள் அந்த எலும்புகளின் அருகே நின்று, தலையிலிருந்து வால்வரை நடந்து, அடி எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

காணும் பொங்கலன்று அங்கே கூட்டம் அலைமோதும். மயிலாப்பூரிலிருந்து பேருந்தேறி நானும் சில ஆண்டுகள் அக்கூட்டத்தில் கலந்து நின்றதுண்டு. எலும்புகளைப் பார்ப்பதைவிட, பார்ப்பவர்களின் பேச்சைக் கேட்பதில் எனக்கு விருப்பம் மிகுதி. பேரனைத் தோளில் சுமந்து வந்த ஒரு மூதாட்டி, "எம்மாம் பெரிய மீனு, பாருடா கண்ணு!" என்றார். பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவர் ஒருவர் சிரித்துக்கொண்டார்.

சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. 1818-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் நகரத்து நீதிமன்றம் ஒன்று இதே கருத்தைத் தீர்ப்பாகவே வழங்கியிருக்கிறது. மீன் எண்ணெய்ப் பீப்பாய்களைச் சோதித்து, அதற்கெனக் கட்டணம் பெற அங்கே ஓர் அதிகாரி இருந்தார். திமிங்கில எண்ணெய் வாங்கிய வணிகர் ஒருவர், "இது மீன் எண்ணெய் அன்று, திமிங்கிலம் மீனே அன்று, ஆகையால் கட்டணமும் கிடையாது" என்று வழக்காடினார். சாமுவேல் மிச்சில் என்னும் பெயர்பெற்ற அறிஞர் வணிகரின் பக்கம் சாட்சி சொன்னார். திமிங்கில வேட்டைக்குச் சென்று வந்த மாலுமிகளையும் கூண்டிலேற்றி விசாரித்தார்கள். எல்லாவற்றையும் கேட்டபின், நடுவர் குழுவினர் சிறிது நேரமே கூடிப் பேசித் திமிங்கிலம் மீன்தான் என்று முடிவு கூறிவிட்டார்கள். லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டுப் பேரறிஞர் தம் நூலின் 1758-ஆம் ஆண்டுப் பதிப்பில் திமிங்கிலத்தை மீன் வரிசையிலிருந்து எடுத்துப் பாலூட்டிகளின் வரிசையில் வைத்து அறுபது ஆண்டுகள் கழிந்திருந்தன. அவருக்கும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத்து அரிஸ்டாட்டில், டால்ஃபின் நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டி ஈன்று பால் கொடுக்கிறது என்று எழுதி வைத்திருந்தார். அறிவு நூலில் ஏறுவது ஒன்று. ஊரில் இறங்குவது வேறொன்று. இடையே பல நூற்றாண்டுகள் கழிந்துவிடுகின்றன.

நம் மொழியில் வழங்கும் பெயரே அதை மீன் என்றுதான் சொல்கிறது. 'திமி' என்பது ஒரு பெருமீன். அதனை விழுங்குவது திமிங்கிலம். அந்தத் திமிங்கிலத்தையும் விழுங்கவல்லது திமிங்கிலகிலம் என்று வடமொழியாளர் அடுக்கிக்கொண்டே போனார்கள். நம் புலவர்களும் அதைக் கைக்கொண்டார்கள். விழுங்கும் திறத்தால் பெயர் பெற்ற இவ்வுயிரின் தொண்டையைப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். எல்லாத் திமிங்கிலங்களிலும் பெரியதான நீலத் திமிங்கிலத்தால் ஒரு மனிதனைக்கூட விழுங்க முடியாது. நம் சந்தையில் கூனி என்று விற்கிறார்களே, அதனை ஒத்த சிற்றிறால்தான் அதன் உணவு. வாயகலத் திறந்து கடல்நீரை முகந்து, மேல் தாடையிலிருந்து தொங்கும் சல்லடைத் தகடுகளின் வழியே நீரை வெளியேற்றி, உள்ளே தங்கும் இறால்களை உண்ணும். அத்தகடுகள் பல்லும் அல்ல, எலும்பும் அல்ல. நம் நகமும் மாட்டுக் கொம்பின் உறையும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே பொருளால் ஆனவை. எழும்பூரில் கிடப்பதும் இந்தப் பல்லில்லாக் குலத்தைச் சேர்ந்ததே.

பெயர் வைத்தவர்களுக்கு மாறாக, கடலோடு பழகியவர்கள் சற்றுக் கூர்ந்தே பார்த்திருக்கிறார்கள் என்று எண்ண இடமுண்டு. தென்கடல் மீனவர் டால்ஃபினை 'ஓங்கல்' என்பர். நீரை விட்டு ஓங்கி எழுவதைக் கண்டு வைத்த பெயராக இருக்கலாம். அவ்வாறு எழும்போது அது மூச்சு வாங்குகிறது என்பதைப் படகிலிருந்து பார்ப்பவர் காதாலேயே அறியலாம்.

இலக்கணப் பயிற்சி உடையவர்களுக்கு இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. தொல்காப்பியர் உயிர்களை அறிவின் அளவால் ஆறாகப் பகுத்தார். தொடுவுணர்வு முதலாவது, பின் நாவும் மூக்கும் கண்ணும் செவியும் மனமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். பல்லுடைய திமிங்கிலங்களை ஆராய்ந்தவர்களோ, அவற்றுக்கு முகர்வு நரம்பே இல்லை என்று கண்டார்கள். சுவையுணர்வும் மிகக் குன்றிவிட்டது. ஆனால் செவியோ, மிகுந்த கூர்மை உடையது. தாமே எழுப்பிய ஒலி எதிரொலித்து வருவதைக் கேட்டே இருட்கடலில் இரையைக் கண்டுகொள்ளும். படியில் மூன்றாவதை விட்டுவிட்டு ஐந்தாவதில் உறுதியாக நிற்கும் இவ்வுயிரை மரபியலில் எந்த நூற்பாவில் வைப்பது என்று புலவர்கள் கூடி முடிவு செய்யட்டும்.

இனி எலும்புகள் சொல்லும் பாடத்துக்கு வருவோம். எழும்பூரில் அந்த முதுகெலும்பின் தொடரைப் பார்த்துக்கொண்டே, அது உயிரோடு நீந்தும்போது எப்படி அசைந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மீனின் வால் செங்குத்தாக நின்று இடமும் வலமும் அசையும். திமிங்கிலத்தின் வால் படுக்கையாக அமைந்து மேலும் கீழும் அசையும். ஓடுகின்ற கன்றுக்குட்டி முதுகை வளைத்து நிமிர்த்துவதும் அவ்வாறே. பக்கத் துடுப்பைத் தோல் நீக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு கை: மேற்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்புகள் இரண்டு, மணிக்கட்டு, அப்பால் விரல்கள். கழுத்தே இல்லாததுபோல் தோன்றும் உடலில் கழுத்தெலும்புகள் ஏழு. நமக்கும் ஏழு, ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு. பின்னுடலில், முதுகெலும்போடு ஒட்டாமல், சதைக்குள் புதைந்து இரண்டு சிற்றெலும்புகள் கிடக்கும். இழந்துபோன பின்கால்களுக்கு உரிய இடுப்பெலும்பின் மிச்சம் அவை. காலே இல்லாத உயிருக்கு இடுப்பு எதற்கு என்று கேட்டவர்களுக்கு விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. அந்த விடை நம் நாட்டு மண்ணிலேயே புதைந்துகிடந்தது.

அதைச் சொல்லுமுன் கல்கத்தாவுக்கு ஒருமுறை சென்று வர வேண்டும். அங்கே ஆசியக் கழகத்தின் பொருட்காட்சிச்சாலையைக் காத்துவந்த எட்வர்ட் பிளைத், 1852-இல் அந்நகரை அடுத்த உப்பேரிப் பகுதியில் கூட்டமாக வந்து சிக்கி மாண்ட கருநிறச் சிறு திமிங்கிலங்களைப் பற்றி எழுதினார். 1859-இல் அரக்கான் கரையில் ஒதுங்கிய பேருடல் ஒன்றின் எலும்புகளைக் கொண்டு, இந்தியக் கடலின் பெருந்திமிங்கிலத்துக்கு 'இண்டிகா' என்னும் பெயரைச் சூட்டினார். வட இந்தியப் பெருங்கடலில் வாழும் நீலத் திமிங்கிலக் கிளைக்கு இன்றும் அதுவே அறிவியற்பெயரின் ஈற்றுச் சொல். சென்னைப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன், 1867-இல் வெளியிட்ட இந்தியப் பாலூட்டிகள் பற்றிய நூலில் இக்குலத்துக்கும் இடம் தந்தார். பின்னர் எஸ். டி. மோசஸ் என்பார், இந்தியக் கரைகளில் திமிங்கிலங்கள் ஒதுங்கிய செய்திகளைத் திரட்டி 1947-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சென்னையில் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். பின் அது மண்டபத்துக்கும் கொச்சிக்கும் தலைமையிடம் மாற்றிக்கொண்டது. இந்தப் பெயர்களையெல்லாம் அடுக்குவதில் எனக்கு ஒரு நோக்கம் உண்டு. இவர்கள் எழுதியவற்றில் பெரும்பகுதி கரையில் கிடந்த பிணத்தைக் கொண்டு எழுதியதே. நாற்றம் தாங்காமல் ஊரார் விலகி ஓடும்போது, அளவுநாடாவோடு எதிர்த்திசையில் நடந்தவர்கள் இவர்கள்.

இனி அந்த விடை. நிலவியலறிஞர் ஏ. ரங்கராவ், காஷ்மீரப் பகுதியிலுள்ள காலாகோட்டில் பாறைகளைத் திரட்டி, அவற்றில் கண்ட ஒரு சிறுவிலங்கின் எலும்புகளுக்கு 1971-இல் இண்டோஹையஸ் என்று பெயரிட்டார். சருகுமான் அளவே உள்ள குளம்புடைய விலங்கு அது. வாழ்ந்த காலம் ஏறக்குறைய 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அவர் திரட்டிய பாறைகள் பல உடைத்துப் பார்க்கப்படாமலே டேராடூனில் அவருடைய இல்லத்தில் தங்கிவிட்டன. அவர் மறைவுக்குப் பின் அவருடைய மனைவியார் அவற்றைப் போற்றி வைத்திருந்து, அமெரிக்காவில் திமிங்கிலத்தின் முன்னோரைத் தேடிக்கொண்டிருந்த ஹான்ஸ் தெவிசன் என்னும் அறிஞரிடம் ஒப்படைத்தார். பாறையை நீக்கி மண்டையோட்டைத் துப்புரவு செய்தபோது, காதருகே இருந்த எலும்பு எதிர்பாராமல் பெயர்ந்தது. உட்புறச் சுவர் ஒரு பக்கம் மட்டும் மிகத் தடித்திருந்தது. நீருக்குள் ஒலி கேட்க உதவும் அந்த அமைப்பு திமிங்கிலங்களுக்கே உரியது என்று அதுவரை கருதியிருந்தார்கள். அதே காது, குளம்புள்ள ஒரு சிறு தரைவிலங்கின் தலையில்! 2007-ஆம் ஆண்டு இச்செய்தி வெளியாயிற்று. அக்கட்டுரையில் தெவிசனோடு சுனில் பாஜ்பாய் முதலிய நம் நாட்டறிஞரும் பங்கு கொண்டிருந்தனர்.

இடையிலுள்ள படிகளும் இந்தத் துணைக்கண்டத்திலேயே கிடைத்தன. நான்கு காலோடு கரையோரம் வாழ்ந்த பாகிசீட்டஸ் இன்றைய பாகிஸ்தானில் கிடைத்து 1981-இல் பெயர் பெற்றது. கட்ச் பகுதியில் அசோக் சாஹ்னியும் வி. பி. மிஸ்ராவும் 1970-களில் தொல்திமிங்கிலங்களைக் கண்டெடுத்தார்கள். சிம்லா மலைப் பகுதியில் கிடைத்த தாடையெலும்பு ஒன்றுக்கு பாஜ்பாயும் பிலிப் கிஞ்சரிச்சும் 1998-இல் ஹிமாலயசீட்டஸ் என்று பெயரிட்டார்கள். மலைமேல் திமிங்கிலம் எப்படி ஏறிற்று என்று திகைக்க வேண்டா. இமயம் எழுமுன் அங்கே டெதிஸ் என்னும் ஆழங்குறைந்த வெப்பக்கடல் கிடந்தது. அதன் கரையில் மேய்ந்த குளம்புக் குலத்தின் ஒரு கிளை, பகைக்கு அஞ்சியோ இரையை நாடியோ நீரில் இறங்கி, தலைமுறை தலைமுறையாக ஆழம் நோக்கிச் சென்றது. கால் துடுப்பாயிற்று. மூக்குத் துளை முகத்தின் நுனியிலிருந்து உச்சந்தலைக்கு ஏறிற்று. ஆடும் மாடும் மானும் அதற்குப் பங்காளிகள். இன்றுள்ள உயிர்களில் மிக நெருங்கிய உறவு நீர்யானை. கால்நடை என்ற சொல்லை நாம் மாட்டுக்கு வைத்திருக்கிறோம். நடையை விட்டு நீரைப் பற்றிய கால்நடைதான் திமிங்கிலம்.

திருவிளையாடற் புராணத்தில் வலைவீசின படலத்தைக் கேட்டவர்களுக்கு இந்நேரம் நந்திதேவர் நினைவு வந்திருக்கும். விடையான அவர் கடலில் சுறாவாகி உழன்றதாகப் புராணம் சொல்கிறது. சுறா உண்மையான மீன். செவுளால் மூச்சு விடுவது. நூலாசிரியர் திமிங்கிலம் என்று மட்டும் பாடியிருந்தால், அறிவியல் வியாக்கியானம் எழுத இன்று ஒரு பெருங்கூட்டமே புறப்பட்டிருக்கும். நல்லவேளை, அத்தொல்லை நமக்கு இல்லை.

கடலுக்குப் போன பின்னும் தரைவாழ்வின் இரண்டு கடன்களை அது விடவில்லை. ஒன்று பால். உதடு குவித்து உறிஞ்சக் குட்டியால் இயலாது. தாயே தசையை இறுக்கிப் பாலைப் பீய்ச்சுகிறது. வெண்ணெயைப்போல் கொழுப்பு மிகுந்த அப்பாலைக் குடித்து நீலத் திமிங்கிலக் குட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 கிலோ எடை கூடுகிறது. மற்றொன்று மூச்சு. நாம் உறங்கினாலும் மூச்சு தானே நடக்கும். இவற்றுக்கு ஒவ்வொரு மூச்சும் நினைந்து எடுக்க வேண்டிய ஒன்று. ஆதலால் டால்ஃபின் முதலியவை மூளையின் ஒரு பாதியை உறங்கவிட்டு மறுபாதியால் விழித்திருக்கின்றன.

உயிரோடு உள்ள திமிங்கிலத்திடம் பாடம் கேட்கத் தொடங்கியது மிக அண்மையிலேதான். 1970-இல் ரோஜர் பெய்ன் என்பார் வெளியிட்ட கூனல் திமிங்கிலப் பாடல்களின் இசைத்தட்டு உலகத்தின் காதைத் திறந்தது. ஒலி காற்றில் செல்வதைப் போல நான்கு மடங்குக்கு மேல் விரைவாக நீரில் செல்லும். ஒலிபெருக்கியும் கம்பமும் இல்லாமலே நெடுந்தொலைவு ஒலிபரப்பும் நிலையத்தார் இவர்கள் என்று, வானொலிக்காரரிடையே இருந்து பேசும் நான் சற்றே பொறாமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

அதே காலத்தில் வேறொரு வகையிலும் பாடம் நடந்தது, அது கொடியது. 1960-களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அரபிக்கடலில் சட்டத்துக்கு மாறாக 242 கூனல் திமிங்கிலங்களைக் கொன்றன. கணக்கை மறைத்தும் வைத்தன. அக்கப்பல்களில் இருந்த உயிரியலார் உண்மைக் குறிப்புகளைக் காத்துவைத்திருந்து 1990-களில் வெளியிட்டார்கள். கொல்லப்பட்டவற்றின் வயிற்றையும் கருவையும் அளந்த குறிப்புகளிலிருந்துதான், அரபிக்கடல் கூனல் திமிங்கிலங்கள் ஏனையவற்றைப்போல் துருவக் கடலுக்குப் பயணம் போவதில்லை, ஆண்டு முழுவதும் இங்கேயே தங்குபவை என்று தெளிவாயிற்று. ஓமன் கரையில் ஆராய்ந்தவர்கள் அவற்றை நூற்றுக்கும் குறைவாகவே கணித்தார்கள். 1979-இல் இந்தியப் பெருங்கடல் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதும், 1982-இல் வணிக வேட்டையை நிறுத்தப் பன்னாட்டுக் குழு முடிவு செய்ததும் ஆறுதல் தருபவை. 1982 முதல் 1984 வரை 'துலிப்' என்ற சிறு பாய்க்கப்பலில் வந்த ஆராய்ச்சியாளர்கள், எவ்வுயிரையும் கொல்லாமல், திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலருகே நீலத் திமிங்கிலங்களைக் கண்டு குறிப்பெடுத்தார்கள்.

இனி நம் கரைக்கு வருவோம். திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாட்டை ஒட்டிய கடற்கரையில் 1973 ஜனவரியில் 147 குறுந்துடுப்புத் திமிங்கிலங்கள் கரையேறின. பிளைத் கல்கத்தாவில் கண்ட அதே இனம். சரியாக 43 ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரியில், அதே கரையில் 80-க்கும் மேற்பட்டவை வந்து ஒதுங்கின. மீனவர்கள் இரவும் பகலும் பாராது படகில் கட்டி அவற்றை ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்று விட்டார்கள். விட்டவற்றில் பல திரும்பவும் கரைக்கே வந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டவை மாண்டன. பெருங்குழி தோண்டிப் புதைத்தார்கள்.

ஏன் திரும்பி வந்தன? இவை குடும்பத்தைப் பிரியாத இனம். கரையில் கிடக்கும் ஒன்று குரல் கொடுத்தால் கடலில் உள்ளவை விலகிப் போவதில்லை. சரிவு குறைந்த மணற்கரையில் எதிரொலி தெளிவாகத் திரும்பாமல் வழி தவறியிருக்கலாம் என்பதும் அறிஞர் கருத்து. நோயும் பேரொலியும் காரணமாகலாம் என்பாரும் உண்டு. கரையில் கிடக்கையில் அவை நீரின்றி மூச்சு முட்டிச் சாவதில்லை. அது மீனின் சாவு. நீர் தாங்கிய எடையைத் தாங்க ஆளின்றி, தம் பாரமே நுரையீரலை அழுத்தவும், குளிருக்கென்று பெற்ற கொழுப்புப் போர்வைக்குள் உடல் வெந்து போகவும் சாகின்றன.

எனவே நம் நகரத்து ஊரூர்க்குப்பத்திலோ நொச்சிக்குப்பத்திலோ என்றேனும் ஒன்று உயிரோடு ஒதுங்கினால் செய்ய வேண்டியவை இவை. உடனே வனத்துறைக்குச் சொல்லியனுப்புங்கள். வாலைக் கட்டி இழுக்காதீர்கள், முதுகெலும்பு பிசகிவிடும். கவிழ்ந்து கிடந்தால் நிமிர்த்தி, துடுப்புகளின் கீழே மணலைப் பறித்துவிடுங்கள். ஈரத் துணி போர்த்தி, மேலே நீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஆனால் உச்சந்தலையில் உள்ள துளையைத் துணி மூட விடாதீர்கள்; அதில் ஒரு துளி நீரும் மணலும் புகலாகாது. கூட்டத்தை ஒதுக்கிக் குரலைத் தாழ்த்தச் சொல்லுங்கள். அதன் காது மிகக் கூரியது. பல ஒதுங்கியிருந்தால் ஒவ்வொன்றாக விடாமல், துறையினர் வந்தபின், ஒன்றாகச் சேர்த்தே கடலில் விட வேண்டும்.